குழாயடிக் கோடு

ஓசூர்
7.7.2002

அன்புள்ள மெல்வின் மாமாவுக்கு ஃபெபா எழுதுவது.

கர்த்தரின் கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, ஆப்பிரிக்கக் காற்று ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மாதம் ஒருமுறை போனில் கிடைக்கும் நாலு நிமிஷத்தையும் அவளே அழுது தீர்த்துவிடுவதால் நான் கடிதத்துக்கு வந்துவிட்டேன்.

முதல் செய்தி: பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு நான் பள்ளி மாணவர் தலைவி ஆகிவிட்டேன். காலைப் பிரார்த்தனையில் எண்ணூறு பேருக்கு ‘அட்டென்ஷன்’ சொல்கிறேன். பட்டாளத்துக்காரரான உங்களுக்கே நான்தான் மேலதிகாரி என்று நினைப்பு வந்துவிட்டது. அப்பா மட்டும், “லீடர்னு கம்பெனி யூனியன் ஆளுங்க மாதிரி கேட் மீட்டிங் போட்டுடாதே” என்றார்.

இரண்டாவது செய்தி: நவம்பரில் கிருஷ்ணகிரியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘நன்னடத்தை, தலைமை, போருக்குப் பின் அமைதி: மாணவர் பார்வையில்’. மூன்று கல்யாணத்தை ஒரே பந்தலில் வைத்திருக்கிறார்கள். மாணவர் பார்வை என்று போட்டிருப்பதால் எல்லாரிடமும் கேட்டேன். ருக்மணி சொன்னாள்: “சார் வந்தா எந்திரிச்சு நிக்கறோம். கூட்டறதுக்கு சாந்தம்மா வந்தா காலைக்கூட நகத்த மாட்டேங்கறோம். இதுல எது மரியாதை?” பெரியதம்பி, “தலைவன்னா சார் திட்டறப்போ முன்னாடி நிக்கறவன், அவ்ளோதான். அதனாலதான் நான் எலக்‌ஷன்ல நிக்கல” என்றான்.

அமைதியைப் பற்றிக் கேட்டபோது எல்லாரும் புறா, வெள்ளைக்கொடி என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார்கள். சென்னம்மா ஒருத்திதான் யோசித்துச் சொன்னாள். உங்களுக்கு அவளைத் தெரியும். ஜவளகிரிப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், கன்னட மீடியம், ஆறாம் வகுப்பிலிருந்து மத்தியானம் என் டிபனில் பாதி அவளுக்குத்தான். “சண்டை போட்ட மறுநாள் அவகிட்டயே போயி, ‘ஏ, ஒரு ரப்பர் குடு’ன்னு கேக்க முடியணும். கேக்க முடிஞ்சா சமாதானம். இல்லைன்னா சண்டைக்கு லீவு விட்டிருக்காங்க, அவ்ளோதான்” என்றாள்.

நீங்கள் போர் முடிந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். எனக்கு நாலு பாயிண்ட் எழுதி அனுப்புங்கள். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

அன்பு மருமகள்,
ஃபெபா


எரித்திரியா
4.8.2002

அன்பு மருமகள் ஃபெபாவுக்கு மாமாவின் ஆசிகள்.

தேவ கிருபையால் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல். அத்தானுக்கு நைட் ஷிப்ட் என்றாளே, முதுகு வலி எப்படி இருக்கிறது?

மேலதிகாரி அவர்களுக்கு ஒரு சல்யூட். பாயிண்ட் கேட்டாய். இங்கே இந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் சண்டை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு நீளமான பட்டை நிலத்தில் இரண்டு படையும் நுழையக் கூடாது. அதற்குள்தான் அமைதிப்படையாக வந்திருக்கும் எங்கள் ராணுவ கம்பெனி ரோடு போடுகிறது, கைப்பம்பு இறக்குகிறது. கண்ணிவெடி எடுப்பவர்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் போகிறோம். கிராமத்துக்குப் பக்கத்திலேயே நல்ல கிணறு இருக்கிறது. சுற்றிலும் கண்ணிவெடி என்பதால் பெண்கள் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையைச் சுற்றிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். போர் முடிந்துவிட்டது என்று கிணற்றுக்கு யார் சொல்வது?

மரியாதையைப் பற்றி நான் பட்டது ஒன்று. பம்பு வேலை நடக்கும் இடத்தில் ஓர் அக்கா காபி கொடுப்பார். கொட்டையை நம் எதிரிலேயே வறுத்து, இடித்து, சிறிய கோப்பையில் ஊற்றி, கூடவே சோளப்பொரி. நம்மூர் வழக்கப்படி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலை கிடக்கிறதே என்று எழுந்தேன். அந்த அக்காவின் முகம் வாடிவிட்டது. மூன்று சுற்று குடித்த பிறகுதான் எழ வேண்டுமாம். நடுவில் எழுந்தால் அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். மறுநாள் போய் மூன்றும் குடித்துவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அது வேறு கதை.

என் டென்ட்டில் கூட இருப்பவன் பசவராஜ், மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரன். என் ரசத்தைக் குடித்துவிட்டு, “சாக்கடைத் தண்ணிக்குக் கறிவேப்பிலை போட்டாப்ல இருக்கு” என்பான். அவன் உருட்டும் ராகி முத்தையை, நம்மூர்க் களிதான், நான் களிமண் என்பேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சென்னம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணைத்தான் போட்டிக்கு அனுப்பணும்” என்றான்.

அன்புடன்,
மெல்வின் மாமா


ஓசூர்
6.10.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் முதுகு இப்போது பரவாயில்லை.

காவிரித் தகராறு அங்கே பேப்பரில் வந்ததா? பெங்களூர் பஸ் எல்லாம் எல்லையில் ஜுஜுவாடியோடு நின்றுவிடுகிறது. சனங்கள் மூட்டையோடு இறங்கி, செக்போஸ்ட்டை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிக்கிறார்கள்.

பள்ளிக்கும் வந்துவிட்டது. மத்தியானம் குழாயடியில் கூட்டம். பெரியதம்பி விளையாட்டாகவோ வினையாகவோ கன்னட மீடியம் பையன் ஒருவனைப் பார்த்து, “உங்க தண்ணிதான் உங்க ஊர்ல பத்திரமா இருக்கே, அதைப் போய்க் குடி” என்றான். அந்தப் பையன் ஜவளகிரிக்காரன்! அவன் ஊரும் தமிழ்நாடுதானே! அவன் டம்ளரை வீசினான். பிறகு கல். ஒரு பையனுக்கு மண்டையில் தையல். நான் விசில் ஊதிக்கொண்டே இருந்தேன். ஒருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டர் ஒரு முடிவு எடுத்தார். மைதானத்தின் குறுக்கே கபடிக் களத்துக்குப் போடுவது போல் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கக் குழாய் தமிழ் மீடியத்துக்கு, அந்தப் பக்கக் குழாய் கன்னட மீடியத்துக்கு. “கோடு இருந்தாத்தான் ஒழுங்கு இருக்கும்மா” என்று சுண்ணாம்பு டின்னை என் கையில் கொடுத்தார். காலடி பட்டு அழிந்துவிடுவதால் தினமும் காலையில் நான்தான் புதிதாகப் போடுகிறேன். என் கோடு ஸ்கேல் வைத்தது போல் இருக்கும். அன்றிலிருந்து ஒரு சண்டை இல்லை மாமா. தலைமை என்றால் இதுதான் என்று பேச்சில் சேர்க்கப் போகிறேன். சரிதானே?

சென்னம்மா நலம். நாங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அன்பு மருமகள்,
ஃபெபா


எரித்திரியா
3.11.2002

அன்பு மருமகள் ஃபெபாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பேப்பர் கட்டாக வந்தது. எல்லாம் படித்தோம். தண்ணீர் விஷயத்தில் அவர்கள் எப்போதுமே அப்படித்தான்.

கோடு போட்டது நல்லது. சண்டை நின்றால் போதும், மற்றது தானாக வரும். இங்கேயும் கோடு போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

உன் பேச்சுக்கு உதவும் என்றால் இதைச் சேர்த்துக்கொள். கண்ணிவெடி எடுத்து முடித்த பாதையின் இரண்டு ஓரத்திலும் கல் வைப்போம். கல்லின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை தெரிந்தால் நீ பத்திரமான இடத்தில் நடக்கிறாய் என்று அர்த்தம். சிவப்பு தெரிந்தால் அங்கேயே நில். எழுத்துத் தெரியாத ஆடு மேய்ப்பவர்களும் புரிந்துகொள்வார்கள். இப்போது அந்தக் கிணற்றுக்குத்தான் பாதை போட்டுக்கொண்டிருக்கிறோம். கல்லுக்கு வர்ணம் அடிக்கும் வேலை என்னுடையது.

வேலை அதிகம். நிறைய எழுத முடியவில்லை. அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

மெல்வின் மாமா


ஓசூர்
24.11.2002

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள், நொறுங்கி வந்தாலும் சாப்பிட்டுவிடவும்.

முதல் பரிசு! கிருஷ்ணகிரிக்கு அப்பாதான் கூட வந்தார். சூளகிரி வரை படித்துப் பார்த்தேன், குருபரப்பள்ளி தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது போல் இருந்தது, மேடை ஏறியதும் கொட்டிவிட்டது. கோட்டைப் பற்றிச் சொன்னபோது கைதட்டல். பரிசாக இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஹெட்மாஸ்டர் பிரார்த்தனையில் என்னை முன்னால் நிறுத்திப் பாராட்டினார். நம் பக்கம் கைதட்டினார்கள். அந்தப் பக்கமும் தட்டியிருப்பார்கள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

புது டிபனில் அம்மா ஒரு அடுக்கில்தான் போடுகிறாள். சென்னம்மா இப்போது அவர்கள் வராந்தாவிலேயே சாப்பிடுகிறாள். அதுதான் அவளுக்கு வசதியாம்.

பசவராஜ் அண்ணன் எப்படி இருக்கிறார்? இன்னும் உங்கள் ரசத்தைத் திட்டுகிறாரா?

அன்பு மருமகள்,
ஃபெபா


எரித்திரியா
13.12.2002

அன்பு மருமகள் ஃபெபாவுக்கு,

நலம். பரிசு வாங்கியதில் மிகவும் சந்தோஷம். முறுக்கு வந்தது. பொடியாக இருந்தாலும் ருசி.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். இங்கே இவர்களுக்கு ஜனவரியில்தான் கிறிஸ்துமஸ். டென்ட்டில் இப்போதெல்லாம் அமைதியாக இருக்கிறது. சீக்கிரம் தூங்கிவிடுகிறேன்.

மாமா


ஓசூர்
29.12.2002

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துமஸ் ஆராதனை நன்றாக நடந்தது. வீட்டில் எல்லாரும் நலம். நான்தான் நன்றாக இல்லை.

கன்னட மீடியம் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. அது பைப் முடிகிற இடம். டிசம்பர் பிறந்ததிலிருந்து வெறும் காற்றுதான். ஹாஸ்டல் பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள், மற்றவர்கள் ரோட்டைத் தாண்டி டீக்கடையில் கேட்டுக் குடிக்கிறார்கள். இந்தப் பக்கம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. நான் தினமும் போய் ஒழுங்காகக் கோடு போட்டுவிட்டு வருகிறேன்.

சென்னம்மாவின் அப்பா பள்ளிக்கு வந்தார். “தண்ணிக்கே எடமில்லாத ஸ்கூல்ல என்ன படிப்பு? ஆனேக்கல் பக்கம் கார்மென்ட்ஸ்ல சேத்துடறேன்” என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னாராம். பிப்ரவரியில் டி.சி. வாங்கிவிடுவார்கள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ருக்மணிதான் சொன்னாள். மாமா, அவள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். அவள் தையல் மெஷினில் உட்காரப் போகிறாள், எனக்கு டிபன் பாக்ஸ். அழுகையாக வருகிறது.

போய்ப் பேச வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். கோட்டருகே போனதும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன்.

இன்னொன்று. இரண்டு கடிதமாகப் பசவராஜ் அண்ணன் பெயரே இல்லை. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இல்லை, நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லையா? எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஃபெபா


ஓசூர்
18.1.2003

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் லீவு முடிந்துவிட்டது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனிலும் நாலு நிமிஷமும் அம்மாவிடம் வெயிலைப் பற்றியே பேசினீர்கள். நான் கேட்டது தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

சென்னம்மா புத்தகங்களை ஜூனியருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஃபெபா


எரித்திரியா
25.1.2003

என் அன்பு ஃபெபாவுக்கு,

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன் டிசம்பர் கடிதம் கையில் இருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன்.

பசவராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கேட்டதுதான் உண்மை. பேப்பர் கட்டு வந்த அன்று வாய்த்தகராறு. அவன், “எங்க வயலு காயுது, உங்களுக்கு எங்கிருந்து குடுக்கறது?” என்றான். நான் சொன்ன பதிலை உனக்கு எழுத மாட்டேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஆள் உன் மாமாதான். பகலெல்லாம் அடுத்தவன் நாட்டு அமைதிக்குக் கல்லில் வெள்ளை அடித்துவிட்டு, டென்ட்டில் வந்து அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். உன் கோட்டை நல்லது என்று எழுதியதும் அந்த வீம்பில்தான். அது தப்பு ஃபெபா.

போன வாரம் கிணற்றுப் பாதை முடிந்தது. பெண்கள் வெள்ளைக் கல்லுக்கு நடுவே வரிசையாக வந்து தண்ணீர் இறைத்தார்கள். காபி அக்கா எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஊற்றினார். நான் இந்த மூலை, அவன் அந்த மூலை. முதல் சுற்று முடிந்ததும் அந்த அக்கா மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் தயங்கித் தயங்கி எங்களிடம் சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட ரெண்டு நாட்டுக்காரங்களான்னு கேக்கறாங்க.”

இன்னும் இரண்டு சுற்று பாக்கி. எழுந்து போகவும் முடியாது. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது கோப்பை முடியும்போது அவன் சோளப்பொரித் தட்டை என் பக்கம் தள்ளினான். நான் எடுத்தேன். வெட்கமாக இருந்தது, ஃபெபா. அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து மூன்றாவதைக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். நீ அவனை விசாரித்த இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னான். உனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறான், கூட வைத்திருக்கிறேன். கன்னடத்தில்தான் எழுதுவேன் என்றான். நமக்கு அந்த மொழி பேச வரும், எழுத்து தெரியாது. அவனைப் படித்துக் காட்டச் சொல்லி நான் தமிழில் எழுதி அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் செய்யவில்லை. உன் பள்ளியில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஆளா இல்லை?

மெல்வின் மாமா


ஓசூர்
16.2.2003

அன்புள்ள மாமாவுக்கும் பசவராஜ் அண்ணனுக்கும்,

எல்லாரும் சுகம். இரண்டு பேரும் நலமா? மூன்று கோப்பையும் குடித்தீர்களா?

கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் நானே போட்ட கோடு. அதைத் தாண்ட எனக்கே கால் எழவில்லை. அந்தப் பக்கம் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சென்னம்மா தலை நிமிரவில்லை. யோசித்து வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. “ஏ சென்னி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். எனக்குத் தெரியல” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “உங்க பக்கத்துல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லியா?”

“இல்ல.”

“நாலு மாசமா எங்க போயிருந்த?”

நான் காகிதத்தை நீட்டினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “பாரே” என்று பக்கத்தில் இடம் விட்டாள். கன்னடத்தில் ‘வாடி’. அப்படி அவள் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது!

சத்தமாகத்தான் படித்தாள், சுற்றி எல்லாரும் கூடிவிட்டார்கள். அண்ணா, நீங்கள் எழுதியதைப் பள்ளியே கேட்டுவிட்டது. மாமா டென்ட்டின் நடுவே பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டதையும், அவர் குறட்டை அந்தத் தடுப்பைத் தாண்டி வந்ததையும், அந்தப் பெட்ஷீட் உங்களுடையது என்பதையும், இன்னும் துவைத்துத் தரவில்லை என்பதையும் கேட்டு வராந்தாவே சிரித்தது. மாமா, இதை நீங்கள் எழுதவே இல்லையே! கடைசி வரிக்கு வந்தபோது சென்னம்மாவின் குரல் இறங்கிவிட்டது. ‘எனக்கு மண்டியாவில் ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கூட இருந்த ஒருவரைக் காணோம் என்றால், அவர் எங்கே என்று உன்னைப் போலக் கேட்கிற பெண்ணாக அவள் வளரட்டும்.’ படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். நான் அப்படிக் கேட்டது எரித்திரியாவில் இருக்கிறவரைப் பற்றித்தானே.

“அழுவாத. தொண்டை காயுது, தண்ணி வேணும்” என்றாள். இரண்டு பேரும் நம் பக்கக் குழாயைப் பார்த்தோம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலையில் சுண்ணாம்பு டின்னை எடுத்தேன். குறுக்கே போடவில்லை. அவர்கள் வராந்தாப் படியிலிருந்து நம் குழாய் வரைக்கும் இரண்டு கோடு, நடுவே நாலு பேர் சேர்ந்து நடக்கிற அகலம். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார்.

“என்னம்மா, கோட்டை மாத்திப் போட்டிருக்கே?”

“இது வழி சார். எங்க மாமா வேலை பாக்கற எடத்துல இப்படித்தான் போடறாங்க.”

“மறுபடியும் சண்டை வந்தா?”

“வந்தா நீங்க திட்டறப்போ நான் முன்னாடி நிக்கறேன் சார்.”

“நல்லா அழுத்திப் போடு, மங்கலா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை இடைவேளையில் ஒருவரும் வரவில்லை. மத்தியானம் சென்னம்மா வந்தாள், பின்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டிலோடு. குழாயடியில் பெரியதம்பி. நான் விசிலைக் கையில் எடுத்துவிட்டேன். அவன் தள்ளி நின்று, அவர்களுக்காகக் குழாயைத் திருகிவிட்டான். அவனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்த வாரம் நடக்கிற நடையில் கோடு சீக்கிரமே அழிந்துவிடுகிறது. நான் திரும்பப் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

டி.சி. இன்னும் வாங்கவில்லை. “மார்ச் பரீட்சை எழுதறேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன்” என்றாள். அதற்கப்புறம் என்று நான் கேட்டதற்கு, “மொதல்ல மார்ச் வரட்டும்டி” என்கிறாள். ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஜவளகிரிக்குப் போய் அவள் அப்பாவைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அம்மா இரண்டாவது அடுக்கையும் நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தாளின் பின்பக்கம் சென்னம்மா கன்னடத்தில் ஏதோ எழுதியிருக்கிறாள். எழுதும்போதே சிரித்துக்கொண்டாள். என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டாளாம். உங்களுக்கும் படிக்கத் தெரியாது. பசவராஜ் அண்ணனிடம் கேளுங்கள், மாமா.

அன்பு மருமகள்,
ஃபெபா